ஏசிக்குப் பூசிய திருநீறு

எங்கள் வீட்டு ஏசி நின்றுபோனால், ஊரில் மற்றவர்கள் செய்வதுபோல மொட்டை மாடியில் பாயை விரித்துச் சமாளித்துவிட முடியாது. ஏசி நின்றால் அம்மாவுக்குத் தாகம் எடுக்கும். அம்மாவுக்குத் தாகம் எடுக்கக் கூடாது.

அம்மா மேல்மலைக்காரி. கொடைக்கானலையும் தாண்டி, மன்னவனூர் பக்கம், பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் மலை ஊரில் ஒரு நல்ல மழை பெய்தால் ரோட்டில் மரம் விழும், மரத்தை வெட்டி எடுக்கும்வரை பஸ் நிற்கும். வாரத்துக்கு மூன்று தடவை மெஷினுக்கு வந்து போவது நடக்கிற காரியமா? அதனால் பழனியில் வாழ்க்கைப்பட்ட மகள் வீட்டுக்கு, அதாவது என்னிடம், அம்மா இறங்கி வந்தார்.

மெஷின் இங்கே கிடைத்தது. குளிர் மேலேயே நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், காபியும் ரசமும் அதற்குள்ளேயே அடக்கம். கூடுதலாகக் குடித்தால் வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் போய்த் தேங்கும், மூச்சு முட்டும். மலையில் இருந்தவரை அம்மா அரைச் செம்பு தண்ணீரில் ஒரு நாளை ஓட்டிவிடுவார். பங்குனி பிறந்தால் பழனியில் செம்பு செம்பாகக் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே டயாலிசிஸ் பார்க்கிற டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஏசி மாட்டிருங்க. உங்க அம்மாவுக்கு அதுவும் ஒரு மாத்திரைன்னு நெனச்சுக்கங்க" என்றார்.

அப்படி, அடுத்த கோடைவரை காத்திருக்காமல் ஐப்பசியிலேயே வந்ததுதான் அந்த ஏசி. வாங்கும்போது கடைக்காரர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். மொத்தமும் ஒரு வருஷம், வெளியே இருக்கும் பெட்டிக்குள் உள்ள கன்டென்சர் காயில் ஐந்து வருஷம், கம்ப்ரெஸர் பத்து வருஷம். நான் அடிவாரத்தில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் விற்கிறவள். எங்கள் கடைச் சரக்குக்கு அன்றும் இன்றும் வாரண்டி கிடையாது, குறை சொல்லி ஒருத்தரும் திரும்பி வந்ததும் இல்லை. பத்து வருஷம் என்று அவர் சொன்னதும் எனக்கு அப்போதே கொஞ்சம் சந்தேகம்தான். ஆனால் அம்மாவின் பையை உள்ளே வைத்துவிட்ட அவசரம்.

மாட்டிவிட்டுப் போன அன்று பூஜை போட்டேன். எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் திருநீறு, அப்புறம்தான் கரண்டு. கிரைண்டருக்கும் உண்டு, வாஷிங் மெஷினுக்கும் உண்டு, வீட்டுக்காரரின் பைக்குக்கும் உண்டு. அறைக்குள் இருந்த பெட்டி உயரத்தில் இருந்ததால் அவர் ஸ்டூலில் ஏறி ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். வெளியே பின்சுவரில் மாட்டியிருந்த பெரிய பெட்டி என் கைக்கு எட்டியது. நீரில் குழைத்த திருநீற்றை அந்த வழவழத் தகரத்தில் பூசினால் நிற்காமல் வழிந்தது. பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதில் பூசினேன், கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. மூன்று பட்டை, நடுவில் குங்குமம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவேன். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

முதல் கோடை நன்றாகப் போனது. அம்மா அந்த அறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டும், டிவி பார்த்துக்கொண்டும், என் வீட்டுக்காரரின் சமையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டும் இருந்தார். முக்கால் லிட்டரில் மிச்சம் வைத்த நாட்களும் உண்டு.

இரண்டாவது கோடையில், மாசி முடிவதற்குள்ளேயே காற்று சூடாக வர ஆரம்பித்தது. கம்பெனியின் எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்ன குரல் இருக்கிறதே, அதன் பொறுமை எனக்கு அறவே பிடிக்காது. மறுநாள் ஒரு மெக்கானிக் வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் சிலிண்டர். மீட்டரை மாட்டிப் பார்த்து, "கேஸ் கம்மியா இருக்குக்கா. போட்டு விட்டுர்றேன்" என்றார்.

"வாரண்டி இருக்குல்ல?"

"ஒரு வருசம் முடிஞ்சிருச்சுல்லக்கா. கேஸு அதுல வராது."

காசைக் கொடுத்தேன். கிளம்பும்போது, "ஒரு ஓடிபி வந்துருக்கும், சொல்லுங்கக்கா" என்றார். பார்த்துச் சொன்னேன். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் செய்தி வந்தது: உங்கள் புகார் வெற்றிகரமாக முடிக்கப்பட்டது. சரியாக மூன்று வாரம். மறுபடி சூடான காற்று. மறுபடி அதே மெக்கானிக், அதே சிலிண்டர், அதே ஓடிபி. மூன்றாவது தடவை பதினெட்டே நாளில் வந்தார். யாசகத்துக்குப் பண்டாரம் வருவதுபோல முறைவைத்து வருகிறாரே என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த இடைவெளிகளில் அம்மா திருட ஆரம்பித்திருந்தார். சொல்ல மனசு கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. பகலில் நான் கடைக்குப் போனதும் துவைக்கிற கல் பக்கத்துக் குழாயில் கையைக் குவித்துக் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிறபோது இரண்டு நாளில் நாலு கிலோ ஏறியிருந்தது. அன்று மெஷினில் படுத்திருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கி, முகம் வெளுத்து, என் கையைத் தேடினார். நர்ஸ்கள் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தெளிவாகப் பேசினார். கோபமே இல்லை.

"நான் மலைக்குப் போறேன்த்தா. அங்கிட்டு எனக்குத் தாகமே எடுக்காது. இங்கன இருந்து தண்ணிக்குத் திருடியாகணுமா?"

"அங்க மெஷின் இல்லம்மா."

"இருந்துட்டுப் போறேன், இருக்குற வரைக்கும்."

இருக்கிற வரைக்கும் என்றால் எத்தனை நாள் என்று டாக்டரம்மாவிடம் ஏற்கனவே கேட்டுவைத்திருந்தேன். மெஷினை நிறுத்தினால் இரண்டு வாரம் தாண்டுவது கஷ்டம் என்றார். அம்மா அதற்குள் தம்பியிடமும் பேசிவிட்டார். மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றி இறங்கும் வண்டியில், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று அவனும் சொல்லிவிட்டான். அவன் அம்மா பேச்சைத் தட்டாதவன். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

நான்காவது தடவை மெக்கானிக் வந்தபோது நான் பின்பக்கமே நின்றேன். அவர் கேஸைப் போட்டு முடித்தார். அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கொல்லைப் படியில் உட்கார்ந்தார்.

"ஏப்பா, ஒரு தடவ போட்ட கேஸு எங்க போகுது?" என்று கேட்டார்.

"லீக்காகிப் போகும்மா."

"எங்கன லீக்கு?"

மெக்கானிக் சிலிண்டர் மூடியைத் திருகினார். அம்மா விடவில்லை. "நாங்க பூண்டுக்கு மருந்தடிக்கிற டேங்குல ஓட்ட விழுந்தா சோப்புத் தண்ணியத்தான் தடவிப் பாப்போம். எங்கன முட்ட விடுதோ அங்கனதான் ஓட்ட. நீங்க அப்படிப் பாக்க மாட்டீகளோ?"

அவர் தெரியாதவர் இல்லை. ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம், ஒரு நாளைக்கு எட்டு வீடு என்று ஓடுகிறவர். நான் பாத்திரம் கழுவும் சோப்பைக் கிண்ணத்தில் கரைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வளைவாகத் தடவினார். கீழ் வரிசையில், மூலையில், மிளகு அளவில் ஒரு குமிழி எழுந்தது. உடைந்தது. இன்னொன்று எழுந்தது.

"காயில்லதான் லீக்கு" என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்துக்கொண்டு. "கன்டென்சர் காயில்."

ஐந்து வருஷம் என்று கடைக்காரர் மடக்கிய விரல் எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. கம்பெனிக்காரன் எனக்கு இலவசமாக மாற்றித் தர வேண்டிய பொருளில் ஓட்டை. அதை யாரும் பார்க்காமல் நாலு தடவை என் காசில் கேஸை ஊற்றி, அந்தக் கேஸை வானத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்! அன்றைக்கு அவர் வழக்கம்போல ஓடிபி கேட்டார்.

"தர மாட்டேன்."

"அக்கா, கேஸு போட்டாச்சுல்ல?"

"வேலை முடிஞ்சாத்தான் ஓடிபி. காயில மாத்துங்க, சொல்றேன்."

அந்த நாலு எண்ணுக்கு இருக்கும் மதிப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது இல்லாமல் அவர்களால் புகாரை மூட முடியாது. மூடாத புகார் அவர்கள் மேலதிகாரியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்குமாம். மெக்கானிக் பாவம், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் காயில் லீக் என்று எழுதிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் கடையைத் திறந்ததும் சாமிக்கு ஊதுபத்தி, அடுத்து கம்பெனிக்குப் போன். ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, ஒரு ஆள் கிடைக்கும்வரை விட மாட்டேன். திருநீறு வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் தடவை போட்ட கேஸ் நாலு நாள்கூட நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை திண்டுக்கல்லிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். பழனிக்கு வருகிறவர் மலையேறாமல் வருவாரா? சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம், கையில் பஞ்சாமிர்த டப்பா. பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பெட்டியின் பக்கவாட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். விரலால் சுரண்டிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"மேடம், சீரியல் நம்பர் எங்க?"

"எந்த நம்பர்?"

"இந்த ஸ்டிக்கர்ல இருக்கும். இதுல ஒண்ணுமே இல்லையே."

நான் போய்ப் பார்த்தேன். அது பேப்பராகவே இல்லை. ஒன்றரை வருஷ வெள்ளிக்கிழமைகள் அதன்மேல் ஏறி இறங்கியிருந்தன. கோடு கோடாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் மூன்று பட்டைதான் இருந்தது. எங்கள் கடைக் குங்குமம் வைத்தால் போகாது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை அடிப்பேன். போகவில்லைதான். எழுத்துதான் போயிருந்தது.

வாரண்டி கார்டை ஓடி எடுத்துவந்தேன். உள்ளே இருக்கும் பெட்டிக்கு ஒரு எண், வெளியே இருக்கும் பெட்டிக்கு வேறொரு எண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கார்டில் உள்பெட்டி எண்ணை எழுதிவிட்டு, வெளிப்பெட்டி எண்ணுக்கான கட்டத்தைக் கடைக்காரர் காலியாக விட்டிருந்தார். மொத்தமாக ஒரு சீல் மட்டும் குத்தியிருந்தார்.

"சாரி மேடம். நம்பர் இல்லாம க்ளெய்ம் எடுக்க முடியாது. சிஸ்டத்துல டேம்பர்டுன்னு வரும்."

"டேம்பர்டுன்னா?"

"சேதப்படுத்துனதுன்னு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "சார், திருநீறு பூசுனா சேதப்படுத்துறதா? அப்ப உங்க நெத்தியச் சேதப்படுத்துனது யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்த அம்மா, எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சூப்பர்வைசரும் நல்ல மனுஷர்தான். ஸ்டிக்கரை இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி இருக்கா? அதுலயும் இதே ஸ்டிக்கர் இருக்கும். அத ஸ்கேன் பண்ணி அனுப்புனீங்கன்னா நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் போனதும் வீட்டுக்காரரிடம், "நாம ஏசிக்குப் பட்டை போட்டோம், கம்பெனி நமக்கு நாமம் போடப் பாக்குது" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பரணில் ஏறித் தேடினார். அட்டைப்பெட்டி இல்லை.

"அதையா தேடுறீக?" என்றார் அம்மா. "உன் தம்பிதான் அப்பவே கொண்டு போயிட்டானே. கெட்டி அட்டையா இருக்கு, பூண்டுக்கு ஆகும்னு நாந்தான் குடுத்து விட்டேன்."

தம்பிக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவன் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது அவன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. புதன்கிழமை அம்மாவை மெஷினுக்குக் கூட்டிப்போய் வந்தேன். வியாழக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பெருமாள்மலை வந்ததும் பஸ்ஸில் இருந்த வெளியூர்க்காரர்கள் எல்லோரும் பையைத் திறந்து ஸ்வெட்டரை மாட்டினார்கள். நான் ஜன்னல் கண்ணாடியை முழுசாகத் திறந்துவிட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். அந்தக் காற்று முகத்தில் பட்டதும் அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. காலையிலிருந்து நான் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை, தாகமும் இல்லை. இதை விட்டுவிட்டுத்தான் அந்த மனுஷி என் வீட்டுக் கொல்லைக் குழாயடியில் ஒளிந்து ஒளிந்து குடித்திருக்கிறார். பஸ்ஸில் யாரும் பார்க்காதபடி அழுதேன்.

கொடைக்கானலில் பஸ் மாறி, பூம்பாறை வழியாக ஊர் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. தம்பி வீட்டுக்கு முன்னால் பூண்டை அள்ளிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏலே, அந்த அட்டைப்பெட்டி எங்க?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் தலையைச் சொறிந்தான். அதை எப்போதோ பிரித்து நாலு பலகையாக்கி, அடுப்புக்கு மேலே பரணில் விரித்து, பூண்டைப் புகையில் போட்டிருந்தான். மேல்மலையில் பூண்டை அடுப்புப் புகையில்தான் பதப்படுத்துவோம். அட்டை இருக்கிறது, ஆனால் கருகருவென்று இருக்கும் என்றான். இரண்டு பேருமாகப் பூண்டுக் கட்டுகளைத் தூக்கி ஓரமாக வைத்து, அட்டையை ஒவ்வொன்றாக உருவினோம். முதல் அட்டையில் குடை படம். இரண்டாவதில் கம்பெனி பெயர். மூன்றாவதில் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம், முழுக்கப் புகைக் கரி.

"பொறு, தொடச்சுத் தர்றேன்" என்று தம்பி தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்தான்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஏலே! தண்ணி படாதலே! துண்ட கீழ போடு!"

அவன் பயந்து கீழே போட்டான். ஈரத்துணி என்ன செய்யும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் உலகத்தில் உண்டா? அட்டையை வாசலில் வெயிலில் வைத்தேன். காய்ந்த பஞ்சை எடுத்து, தேய்க்காமல், ஒத்தி ஒத்தி எடுத்தேன். கரி பஞ்சில் ஏற ஏற, உள்ளே கோடுகள் தெரிந்தன. அப்புறம் ஓர் எழுத்து. அப்புறம் எண்கள். தம்பி போனைக் கோடுகளுக்கு நேராகப் பிடித்தான். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை 'பீப்' என்றது. முழு நம்பரும் திரையில் வந்து நின்றது. எனக்கு அந்தச் சத்தம் கோயில் மணிச் சத்தமாகத்தான் கேட்டது. தம்பியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தேன். வீடு வாசல் தாண்டி மேட்டு வளைவுக்கு நடந்து போய், இரண்டு கோடு சிக்னல் வந்ததும் சூப்பர்வைசருக்கு அனுப்பினோம்.

திரும்பும்போது அவனிடம் நேராகவே சொன்னேன். "ஞாயித்துக்கிழம வண்டி கொண்டு வராத. நீ அம்மா சொல்றதக் கேக்குற, சரி. ஆனா கூட்டிட்டு வந்தா ரெண்டே வாரம்தான்லே. அப்புறம் யார் சொல்றதக் கேப்ப?"

அம்மா இதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. "எனக்குத் தெரியாதுக்கா" என்றான். கண் கலங்கிவிட்டது. "ஒரு வாரம் பாரு. அதுக்குள்ள சரி பண்ணிருவல்ல?"

"பண்ணிருவேன்."

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று எங்களுக்குத்தான் தெரியும். ஐஸ் கட்டியை எண்ணி எண்ணி அம்மாவின் வாயில் போட்டோம். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். வீட்டுக்காரர் கடைக்குப் போகாமல் குழாயடியில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். "மாப்ள, எனக்குக் காவலா, குழாய்க்குக் காவலா?" என்று அம்மா கேட்டாராம். "குழாய்க்குத்தான் அத்தை, உங்களுக்குக் காவல் போட முடியுமா?" என்றாராம் இவர். காயில் வர பத்து நாள் ஆகும் என்றது கம்பெனி. என் போன் நிற்கவில்லை. புகார் திறந்தபடியே கிடக்கிறது, ஓடிபி என்னிடம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆளிடமும் ஞாபகப்படுத்தினேன். ஆறாவது நாள் சூப்பர்வைசரே கூப்பிட்டு, "மேடம், உங்க ஓடிபிக்குப் பயந்தே மதுரையிலேர்ந்து காயில வரவழைச்சுட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். பழைய காயிலைக் கழற்றிப் புதுசை மாட்டி, கேஸ் போட்டார். அவர் சொல்வதற்கு முன்பே அம்மா சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வளைவையும் விரல் காட்டித் தடவச் சொன்னார். "அங்கன விட்டுட்டீகளே... இங்கிட்டும் தடவுங்க." அந்த மனுஷரும் முகம் சுளிக்காமல் தடவினார். கால் மணி நேரம் மூன்று பேரும் அந்தச் செம்புக் குழாயையே முறைத்துக்கொண்டு இருந்தோம். ஒரு முட்டைகூட எழும்பவில்லை.

"இனி பாஸுப்பா" என்றார் அம்மா.

ஓடிபியைச் சத்தமாக, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, சிரித்தபடி கும்பிடு போட்டார். பில்லில் காயிலுக்கும் சுழியம், கேஸுக்கும் சுழியம். அத்தனை தடவை பூசிய திருநீற்றுக்கு இதைவிடப் பெரிய பலன் வேண்டுமா? கம்பெனி என்னும் அவ்வளவு பெரிய பூதத்தை, சோப்புத் தண்ணீரும் நாலு எண்ணும் வைத்துக்கொண்டு நானும் என் அம்மாவும் ஜெயித்திருந்தோம். அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்ததும் குளிர் வந்து காலில் மோதியது. அம்மா கட்டிலில், கால்களை மடக்கி, சேலை முந்தானையால் தோளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வாரம் முடிந்துவிட்டதே, வண்டி கொண்டுவரவா வேண்டாமா என்று கேட்கத் தம்பி அப்போதுதான் கூப்பிட்டிருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"என்னம்மா, வரவா? வெரசா சொல்லு, வண்டிக்காரன் நிக்கிறான்."

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போனைப் பார்த்துப் பேசினார்.

"நீ வர வேணாம்லே. என் கம்பளிய பஸ்ஸுல குடுத்து விடு."

"கம்பளியா? பழனிக்கா?"

"ஆமாலே. குளுருது."

தம்பி மறுநாளே கொடுத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டில் போய் நான்தான் வாங்கினேன். கத்திரி வெயிலில், சாணி நிறக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அடிவாரம்வரை நடந்தேன். தெரிந்தவர்கள் எல்லாம், என்னக்கா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இல்லை, எங்க அம்மா இங்கேதான் இருக்கப் போறாங்க என்றேன்.